பூநாரை பார்க்கப் போன பொங்கல்

என் அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் திருப்பதிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் படுக்க வேண்டும். நகரியிலிருந்து முதல் பஸ். நான்கு மணி நேரம் படுக்கை. சாயங்காலம் வீடு. இரண்டு வருஷம் அப்படித்தான் போனது.

ஒரு நாளைக்கு ஆறு சின்ன டம்ளர் தண்ணீர். அதற்கு மேல் கிடையாது. உப்பு கூடாது. வாழைப்பழம், இளநீர் கூடவே கூடாது. அதில் இருக்கிற சத்து ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். மெஷின் நாள் தவறினால் நுரையீரலில் தண்ணீர் கட்டும். வீட்டில் எல்லாருக்கும் இது மனப்பாடம்.

நானும் அவனும் ஒரே கொட்டகையில் பவர்லூம் ஓட்டினவர்கள். அவன் என்னைவிட மூன்று வயது பெரியவன். நான் நான்கு தறி பார்த்தால் அவன் ஆறு பார்ப்பான். நோய் வந்த பிறகு கொட்டகைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். பார்த்தால் கை அரிக்கிறது என்றான்.

மெஷினில் அவனுக்குப் பக்கத்துப் படுக்கை ஆள் தடா பக்கத்துக்காரர். புலிகாட் ஏரியில் பனிக்காலத்தில் வருகிற பறவைகளை போனில் காட்டுவார். அண்ணன் வீட்டுக்கு வந்தும் அதையே பேசுவான். பூநாரை, கூழைக்கடா, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வருகிற வாத்து. பிறகு ஒரு நாள் சொன்னான், நேரில் பார்க்க வேண்டும், ஒரு ராத்திரி அங்கேயே தங்க வேண்டும், விடிகிறபோது அதுகள் எழும்புவதைப் பார்க்க வேண்டும் என்று.

தறி நிற்பது பொங்கலுக்குத்தான். அந்த வருஷம் போகி அன்று அவனுக்கு மெஷின். அடுத்தது கனுமுக்கு மறுநாள், முக்கனுமு காலையில். நடுவில் சங்கராந்தி, மாட்டுப்பொங்கலான கனுமு. சங்கராந்தி அன்று போய், கனுமு அன்று திரும்பலாம் என்று கணக்குப் போட்டான்.

எங்கள் பக்கம் தெலுங்குக்காரர்கள் ஒன்று சொல்வார்கள். கனும நாடு காகி கூடா கதலது. கனுமு அன்று காக்கைகூட இடம் விட்டு நகராது. அன்று யாரும் பயணம் போக மாட்டார்கள். அண்ணி அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"கனுமு அன்னிக்கு காக்கா கூட நவுராது. இவரு ஏரிக்கு போறாராம், கொக்கு பாக்க."

"கொக்கு இல்லமே, பூநாரை."

"எதுவா இருந்தா இன்னா? அது உனுக்கு கிட்னி குடுக்குமா?"

"குடுத்தாலும் குடுக்கும். அது ஒத்த கால்ல நிக்கிற ஜாதி. நானும் அப்டித்தான நின்னுக்கினு இருக்கறேன்."

அண்ணி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ கூட போற. நீதான் கூட்டினு வரணும். கனுமு சாய்ங்காலம் ரெண்டு பேரும் இந்த வாசல்ல நிக்கணும். மறுநாள் மெஷினு."

"சரி அண்ணி."

அவ்வளவுதான் பேச்சு.

சங்கராந்தி அன்று படையல் போட்டு, சாப்பிட்டு, பைக்கில் கிளம்பினோம். நூல் மூட்டை மூடுகிற தார்ப்பாய் ஒன்று, கொட்டகையில் கிடந்த நைலான் கயிறு ஒரு சுருள், இரண்டு போர்வை, ஒரு பாத்திரம், தண்ணீர் கேன். அண்ணி உப்பில்லாத இட்லி கட்டிக் கொடுத்தார். படையலுக்கு வாங்கின வாழைப்பழத்தில் ஒரு சீப்பை எனக்கென்று பையில் வைத்தார். அண்ணனின் மாத்திரை ஒரு டப்பாவில். சத்தியவேடு வழியாக மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினேன். அவனுக்கு முதுகு வலித்தது. சொல்லவில்லை. நான்தான் கண்ணாடியில் பார்த்தேன்.

படகுக்காரர் கரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் படுக்கை ஆளுக்கு மச்சான். ஏரிக்கு நடுவில் இருக்கிற இரக்கம் தீவுக்காரர். நாற்பது வயது இருக்கும். அம்மா செத்து வருஷம் திரும்பவில்லை, அதனால் வீட்டில் பண்டிகை இல்லை என்றார். அதனால்தான் அன்று வர ஒப்புக்கொண்டார்.

"எஞ்சின் படகு இல்லியா?" என்று கேட்டேன்.

"எஞ்சின் சத்தத்துக்கு பறந்துடும். கோலுதான். எவ்ளோ நேரம்ணா அசையாம உக்காருவ?" என்று அண்ணனைக் கேட்டார்.

"நாலு மணி நேரம் மெஷின்ல அசையாம படுக்கறவன் நானு. உன் படகு எம்மாத்திரம்."

"அப்ப நீதான் சரியான பார்ட்டி."

கோலைச் சேற்றில் ஊன்றித் தள்ளினார். தண்ணீர் பல இடத்தில் இடுப்பளவுதான். ஆனால் கீழே சேறு. கோல் பாதி உள்ளே போகிறது. இறங்கி நடக்கலாம் என்று நினைக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நடுவில் ஓர் ஓடை உண்டு, அங்கே ஆழம், இழுப்பும் உண்டு என்றார்.

பூநாரைகளை முதலில் நான் உப்பு என்று நினைத்தேன். தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கிட்டே போகப் போகக் கோட்டுக்குக் கால் முளைத்தது. நூற்றுக்கணக்கில் நின்றன. தலையைக் கவிழ்த்துச் சேற்றுக்குள் விட்டுத் தின்றன. காலால் சேற்றை மிதித்து மிதித்து ஒரே இடத்தில் சுற்றின. சிவப்பு இறக்கைக்குள்ளே இருந்தது. ஒன்று இறக்கையை விரித்தபோதுதான் தெரிந்தது.

"டேய், நைனா கைத்தறில மிதிச்சா மாதிரியே இல்ல?" என்றான் அண்ணன்.

அப்படித்தான் இருந்தது. எங்கள் அப்பா காலில் அதே மாதிரி மெல்லிய எலும்பு.

வெயில் சாய்கிற வரை படகிலேயே இருந்தோம். கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தி மீனை ஒரு பக்கம் ஒதுக்கின. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் அலகைத் தண்ணீரில் போட்டன. படகுக்காரர், "எங்க ஊரு ஆளுங்களுக்கு இந்த ஒத்துமை இல்ல" என்றார். அண்ணன் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்தில் அவன் முகம் அப்படி இருந்து நான் பார்க்கவில்லை.

தங்கினது ஒரு சின்னத் திட்டில். ஊர் கிடையாது. மீன்காரர்கள் வலை காயப்போட நட்ட கம்பங்கள் நின்றன. உமிரிச் செடி, சிப்பி ஓடு, நரியின் கால்தடம். சுற்றி வர கால் மணி நேரம் போதும்.

படகைத் திட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியவில்லை. ஆழம் இல்லை. கொஞ்சம் தள்ளி நிறுத்தி, நாங்கள் சேற்றில் இறங்கி ஏறினோம். படகுக்காரர் அண்ணனை முதுகில் தூக்கி வந்தார். பிறகு விறகு பொறுக்கப் போனார். போகிறபோது, "கயிறு கம்பத்துக்கு எட்டாது, உங்க கயித்த சேத்து கட்டிடு" என்று என்னிடம் சொன்னார்.

நான் நைலான் கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டினேன். மறு முனையைப் படகுக் கயிற்றோடு சேர்க்க வேண்டும். அண்ணன் கரை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடுறா. நான் போடறேன்."

அவன் இடது கையில் மெஷினுக்கு ஊசி போடுகிற இடம். நரம்பு விரல் தடிப்புக்குப் புடைத்திருக்கும். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. முடிச்சுப் போடலாம். கொடுத்தேன்.

தறி முடிச்சு போட்டான். நூல் அறுந்தால் நாங்கள் போடுகிற முடிச்சு. ஒன்றை மடித்து, மற்றதை அதற்குள் விட்டு, சுற்றி, ஓர் இழுப்பு. கண் இமைக்கிற நேரம். கொட்டகையில் அவன் அளவுக்கு வேகமாக அதைப் போட ஆள் கிடையாது. விரல் மறக்கவில்லை. போட்டுவிட்டு இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினான்.

"பாத்தியா? உட்டு போகல."

தறியில் பாவு நூல் எப்போதும் இழுப்பில் இருக்கும். இழுப்பில் இருக்கிற வரை அந்த முடிச்சு விடாது. படகுக் கயிறு அப்படி இல்லை. அலைக்கு இறுகும், தொய்யும், இறுகும், தொய்யும். நைலான் வழுக்கும். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றும் மனதில் லேசாகப் பட்டது. மேலே இன்னொரு முடிச்சு போடலாமா என்று நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். போடவில்லை.

படகுக்காரர் திரும்பியதும் கம்பத்தில் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. சரி என்றார். பனிக்கு நனையாமல் இருக்கட்டும் என்று எங்கள் இரண்டு போனையும், தன் போனையும், மாத்திரை டப்பாவையும் படகில் இருந்த மூடி போட்ட வாளியில் வைத்தார். அவர் எப்போதும் அப்படித்தான் வைப்பாராம். சோறு பொங்கித் தின்றோம். அண்ணன் இரண்டு இட்லி தின்றான். தார்ப்பாயைக் கம்பத்தில் இழுத்துக் கட்டி அதன் கீழே படுத்தோம்.

விடிகிற நேரத்தில் நான்தான் முதலில் எழுந்தேன். பனி. முகம் கழுவத் தண்ணீர் ஓரம் போனேன். படகு இல்லை.

கம்பத்துக்கு வந்தேன். என் கட்டு அப்படியே இருந்தது. கயிற்றை இழுத்தேன். சுலபமாக வந்தது. முனை வரை வந்தது. அறுந்த முனை இல்லை. பிசிறு இல்லை. முடிச்சு இருந்த இடத்தில் ஒரு வளைவு மட்டும் இருந்தது.

நான் நிறைய யோசிக்கவில்லை. கம்பத்தில் இருந்த கட்டை அவிழ்த்தேன். கயிற்றைச் சுருட்டினேன். திட்டின் மறுபக்கம் போய்ச் சேற்றில் அழுத்தினேன். முழங்கை வரை உள்ளே போனது. கை கழுவிக்கொண்டு வந்து இரண்டு பேரையும் எழுப்பினேன்.

"படகு போச்சி."

படகுக்காரர் எழுந்து ஓடினார். தண்ணீரில் இடுப்பு வரை போய் நின்று நான்கு பக்கமும் பார்த்தார். பனியில் ஒன்றும் தெரியவில்லை.

"கயிறு?"

"அதுவும் போச்சி. கம்பத்துல நான் கட்டினது அவுந்துடுச்சி."

"இன்னா கட்டு கட்டின?"

"ரெண்டு சுத்து சுத்தி கட்டினேன்."

"சுத்தினா போதுமா? அது இன்னா பாவாட நாடாவா?"

அண்ணன் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். "என் முடிச்சி அவுராது. இவன் கட்டினதுதான் அவுந்திருக்கும். சின்ன வயசுல இவன் டிராயர் நாடாவே நான்தான் கட்டி உடுவேன்" என்றான்.

"ஆமா" என்றேன்.

"தறிக்கார பையன் கட்டின லட்சணம்" என்றான். சிரித்தான். அந்த நாள் முழுக்க அதையே சொன்னான். எனக்கு அது வேண்டியிருந்தது.

பனி விலகியது. அப்போது பூநாரைகள் எழும்பின. திட்டுக்குக் கிழக்கே மொத்தமும் ஒரே நேரத்தில். கழுத்து முன்னால், கால் பின்னால், நடுவில் சிவப்பு. எங்கள் தலைக்கு மேலே போயின. இறக்கைச் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து நின்று பார்த்தான். அவன் பார்க்க வந்தது அது. நான் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகுக்காரர் நடந்து பார்க்கிறேன் என்று இறங்கினார். கொஞ்ச தூரம் போனதும் தொடை வரை சேறு வாங்கியது. படுத்துப் புரண்டு வெளியே வந்தார். வேறு பக்கம் போனார். அந்தப் பக்கம் ஓடை வரை போய்விட்டு, இழுப்பு அதிகம் என்று திரும்பினார். உடம்பு முழுக்கக் கருப்புச் சேறு. பல் அடித்துக்கொண்டது. நெருப்புப் பக்கம் உட்கார வைத்தோம்.

"எவனாவது வலைக்கு வருவான் இல்ல?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு கனுமு. வரமாட்டான்."

"உங்க வூட்ல தேட மாட்டாங்க?"

"சாய்ங்காலம்தான வரேன்னு சொன்னேன். வரலன்னா ராவுல தேடுவாங்களா? காலைல தம்பிங்க வருவானுங்க."

காலையில் என்றால் முக்கனுமு. காலை எட்டு மணிக்கு அண்ணன் திருப்பதியில் மெஷினில் இருக்க வேண்டும். மூன்று பேருக்கும் தெரியும்.

பச்சை உமிரியை நெருப்பில் போட்டுப் புகை எழுப்பினோம். என் வேட்டியைக் கம்பத்தில் கட்டினோம். காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது கரையில் மைக் செட் பாட்டு கேட்டது. எங்கள் சத்தம் அங்கே கேட்கவில்லை. ஒருமுறை தூரத்தில் ஒரு பாய் தெரிந்த மாதிரி இருந்தது. மூன்று பேரும் கத்தினோம். அது கூழைக்கடாக் கூட்டம்.

பகல் முழுக்க பறவைகள் எங்களைப் பற்றிக் கவலைப்படாமல் தின்றன. ஆலா ஒன்று திரும்பத் திரும்பத் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து மீன் எடுத்தது. செத்த பூநாரை ஒன்றும் திட்டின் வடக்கு முனையில் கிடந்தது. நரி தின்று மீதி வைத்தது. இறகு மட்டும் புதிதாக இருந்தது. அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்தான். "கால் எவ்ளோ நீளம் பாரு. கழுத்தும் காலும்தான். நடுவுல ஒண்ணும் இல்ல" என்றான்.

மீதி இட்லி காலையிலேயே முடிந்துவிட்டது. மத்தியானம் படகுக்காரர் கையாலேயே சேற்றைத் துழாவி நண்டு பிடித்தார். ஏரித் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீரில் வேகவைத்தோம். நண்டே உப்பாகத்தான் இருந்தது. அண்ணன் ஒன்று தின்றான். பிறகு தாகம் எடுத்தது. ஆறு டம்ளர் கணக்கு மத்தியானமே முடிந்திருந்தது. ஏழாவது கேட்டான். கொடுத்தேன். எட்டாவதைத் தானே ஊற்றிக்கொண்டான்.

சாயங்காலம் ஆனது. அண்ணி வாசலில் நிற்கிற நேரம். அண்ணன் என் பையைப் பார்த்தான்.

"பழம் ஒண்ணு குடுறா."

"உனுக்கு ஆவாது."

"நாளைக்கு மெஷினு இருக்குது இல்ல. அது எடுத்துடும்."

மெஷின் நாளுக்கு முன்னால் ஒன்று தின்றால் மெஷின் எடுத்துவிடும் என்று அந்த வார்டில் படுக்கிற எல்லாரும் பேசிக்கொள்வார்கள். மாம்பழக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் திருட்டுத்தனமாகத் தின்பார்கள். நேரத்துக்கு மெஷினுக்குப் போகிறவர்களுக்கு அது சரியாக இருந்திருக்கலாம்.

"நேரத்துக்கு போவ மாட்டோம்ணா" என்றேன்.

"போவோம். இல்லன்னா மத்தியானம் போவோம். பசிக்குதுடா."

படகுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஒன்று உரித்துக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்துத் தின்கிறான். மெதுவாகத் தின்றான். தோலைக்கூட முகர்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவதை எடுத்தான். நான் பார்த்தேன். சும்மா இருந்தேன்.

அன்று இரவு அவனால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. என் முதுகும் அவன் முதுகும் சேர உட்கார்ந்திருந்தோம். அவன் மூச்சு என் முதுகில் தெரிந்தது.

காலையில் முகம் ஊதியிருந்தது. உதடு வேறு நிறம். விரலை மடக்க முடியவில்லை என்றான். சூரியன் நன்றாக ஏறின பிறகு எஞ்சின் சத்தம் கேட்டது. சுற்றியிருந்த பறவை எல்லாம் எழும்பிப் போயிற்று. படகுக்காரரின் தம்பிகள் இரண்டு பேர்.

"போன எடுத்தா இன்னா, ரிங்கு போய்க்கினே இருந்துச்சி, அப்புறம் அதுவும் போவல" என்று ஒருவன் தூரத்திலிருந்தே கத்தினான். கிட்டே வந்து அண்ணனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

கரையிலிருந்து அவர்களே ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். வந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, மெஷின் இருக்கிற இடத்துக்கே கொண்டுபோங்கள் என்றார்கள். திருப்பதி. ஆம்புலன்ஸ் பையனின் போனை வாங்கி அண்ணிக்குப் போட்டேன். நேராக அங்கே வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். நாங்கள் நேராக அங்கே வந்துவிடுவோம் என்று நினைத்து முதல் பஸ்ஸில் போய், மெஷின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

காளஹஸ்தி தாண்டின பிறகு அண்ணன் கண் திறந்தான். குழாயைக் கொஞ்சம் நகர்த்தினான்.

"டேய், கட்டு போட கத்துக்கோடா" என்றான்.

"கத்துக்கறேன்ணா."

ஏர்பேடு தாண்டும்போது போய்விட்டான். ஆம்புலன்ஸ் பையன் நெஞ்சை அழுத்தினான். வண்டியை நிறுத்தி அழுத்தினான். பிறகு மறுபடி ஓட்டினார்கள். சத்தம் போடுகிற சைரனை நிறுத்தவில்லை. நான் அவன் இடது கையைத் தொட்டுப் பார்த்தேன். அந்த நரம்பில் எப்போதும் ரத்தம் விர்ரென்று ஓடுவது தெரியும். தறிக் கொட்டகைச் சுவரைத் தொட்ட மாதிரி இருக்கும். ஒன்றும் இல்லை.

அண்ணி வாசலில் நின்றார். கையில் அண்ணனின் ஆஸ்பத்திரி ஃபைல். முதலில் அழவில்லை.

"இன்னா ஆச்சி?"

"படகு அவுந்து போச்சி அண்ணி. மாட்டிக்கினோம்."

"யாரு கட்டினது?"

"நான்தான்."

"உன்ன நம்பிதான அனுப்னேன்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். திட்டில் சொன்னது அண்ணனுக்காக. தன் முடிச்சு தன்னைக் கொல்லுகிறது என்று தெரிந்து அவன் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் அவன் இல்லை. ஆனாலும் வாயில் அதுவே வந்தது. செத்த புருஷன்மேல் கோபப்பட்டுக்கொண்டு ஒரு பொம்பளை எப்படி அழுவாள்? என்மேல் கோபப்படலாம். நான் உயிரோடு இருக்கிறேன். எனக்குத் தாங்கும்.

பழத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அது உண்மையாகவே நான் கொடுத்தது. செய்யாததைச் சொல்லி, செய்ததை மறைத்தேன்.

காரியத்துக்குப் படகுக்காரர் வந்தார். அவ்வளவு தூரம் பஸ் மாறி வந்திருந்தார். ஒரு சட்டை இஸ்திரி போட்டு, தலை வாரி. என்னைத் தனியாகக் குழாயடிப் பக்கம் கூப்பிட்டார்.

"படகு கெடைச்சிது. நாணல்ல சிக்கினு இருந்துச்சி."

"வாளி?"

"எல்லாம் இருந்துச்சி." எங்கள் இரண்டு போனையும் மாத்திரை டப்பாவையும் ஒரு கவரில் கொண்டுவந்திருந்தார். கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் கயிறு மட்டும்தான் இருந்துச்சிணா. உன் கயிறு இல்ல. கம்பத்துல அவுந்திருந்தா ரெண்டும் சேந்து வந்திருக்கணும்."

நான் குழாயைத் திறந்து கை கழுவினேன்.

"ஜாயின்ட் போட்டது உங்க அண்ணந்தான? நான் வெறகு எடுத்துக்கினு பாத்தேன்."

"சாப்ட்டு போ" என்றேன்.

"நான் இழுத்து பாத்தேன்ணா. நான் அங்க போய் பாத்திருக்கணும். என் படகு. நான் பாக்கல." அவர் கண் கலங்கியது. அதுவரை அவர் மனதிலும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இலையில் உட்கார்ந்தார். அண்ணி அவர் முன்னால் வந்து நின்றார். கையில் கரண்டி இல்லை. பரிமாற வரவில்லை.

"நீங்கதான் படகுக்காரரா?"

"ஆமாம்மா."

"ஒண்ணு கேக்கறேன். நெசம் சொல்லணும். கயித்த கட்டினது யாரு?"

பந்தியில் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். படகுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் ஜக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையை ஆட்டவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

"இவருதாம்மா" என்றார்.

அண்ணி தலையாட்டினார். "சாப்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். படகுக்காரர் சாப்பிடவில்லை. பிசைந்துகொண்டே இருந்தார். பஸ் ஏற்ற நானே போனேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் தோளை ஒருமுறை அழுத்தினார்.

அண்ணி இப்போது எங்கள் கொட்டகையிலேயே நூல் சுற்றுகிறார். நான் ஓட்டுகிற தறிக்கும் அவர்தான் நூல் கொடுக்க வேண்டும். பெட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் வைப்பார். கையில் தர மாட்டார். என் பெண்டாட்டியோடு பேசுகிறார். என் பிள்ளைகளுக்குத் தலை வாரி விடுகிறார். பண்டிகைக்கு எல்லாருக்கும் இலை போடுகிறார். நான் போனால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். நான் போவதில்லை.

ஒரு நாள் என் தறியில் பாவு நிறைய அறுந்தது. அவர் பெட்டி வைக்க வந்து நின்றுவிட்டார். நான் முடிச்சுப் போடுவதையே பார்த்தார். எல்லாம் முடிகிற வரை நின்றார். "நல்லாத்தான போடற" என்றார். அண்ணன் போன இந்த இரண்டு வருஷத்தில் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான். நான் தறியை ஓட விட்டேன்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். அண்ணி படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவார், எழுத்துத் தெரியாது. அவர் பிள்ளைகளும் தெலுங்குதான். யாராவது படித்துப்போய்ச் சொன்னாலும் சொல்லலாம். அவர் வந்து கேட்டால், நான்தான் கட்டினேன் என்பேன்.